காற்றின் கண்

ஆங்கிலர் நாள்தோறும் வழங்கும் 'விண்டோ' என்பது, தனிச்சொற்போல் தோன்றினும், ஈருறுப்புக் கூட்டுச்சொல்லே. பழைய நார்சு மொழியில் 'விண்டர்' என்பது காற்று. 'அவுகா' என்பது கண். இரண்டும் கூடிய 'விண்டவுகா' என்பதற்குக் காற்றின் கண் என்பது பொருள். கண்ணாடி பதிக்கப்பெறாத அந்நாளைய வீடுகளில், காற்றும் ஒளியும் புகவிட்ட துளைக்கு அப்பெயர் நன்கு பொருந்தியது. இன்று கணித்திரையில் தோன்றும் கட்டத்திற்கும், செலவுச்சீட்டு வழங்கும் இடத்துத் துளைக்கும் அதே பெயர். ஆங்குக் காற்றுமில்லை, கண்ணுமில்லை.

ஆங்கிலத்திற்குத் தனக்குரிய சொல் இல்லாமலில்லை. கண், துளை என்னும் இரு சொற்களாலான பெயரொன்று பழைய ஆங்கிலத்தில் இருந்தது. அத்துளைச்சொல்லை, மூக்குத்துளையைக் குறிக்கும் 'நாசுட்ரில்' என்பதன் ஈற்றில் இன்றும் காணலாம். 9ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து, இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய நார்சு மக்களின் சொல், நாளடைவில் அதனை வீழ்த்தியது. 13ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களிலேயே 'விண்டோ' இடம்பெற்றுவிட்டது. இலத்தீன் வழிவந்த 'பெனசுத்தர்' என்னும் சொல்லும் 16ஆம் நூற்றாண்டுவரை உடன்வழங்கிப் பின் மறைந்தது.

"அயற்சொல்லை ஏற்றுத்தானே ஆங்கிலம் வளர்ந்தது?" என வினவுவர் கலப்புமொழியாளர். நார்சும் ஆங்கிலமும் ஒரே செருமானிய இனத்து உடன்பிறப்பு மொழிகள். காற்றிற்கும் கண்ணிற்கும் இரண்டிலும் ஒரே வேர்களே உள. அங்ஙனமிருந்தும் நேர்ந்ததென்ன? முன்னிற்கும் காற்று ஆங்கிலர்க்கு விளங்குகின்றது. ஈற்றில் நின்ற கண்ணோ, கண்ணென்றே தெரியாவண்ணம் தேய்ந்துபோயிற்று. உடன்பிறந்த மொழியின் சொல்லுக்கே இந்நிலையெனின், இனத்தொடர்பே இல்லாத மொழியின் சொல்லைப்பற்றிக் கூறவும் வேண்டுமோ?

தமிழர் வீடுதோறும் ஒலிக்கும் 'சன்னல்', போர்த்துக்கீசியரின் 'சனேலா' என்பதே. வாயிலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் சிறுமை வடிவிலிருந்து தோன்றியது அது. தமிழ்க் குழந்தைக்கு அச்சொல்லின் எவ்வுறுப்பும் பொருளுணர்த்தாது.

தமிழிலோ, சிலப்பதிகாரத்தில் ஆளப்பெற்ற 'காலதர்' உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. பல கண்களையுடைய 'பலகணி'யும் உண்டு. நார்சு மக்கள் ஒரே சொல்லில் அமைத்த காற்றையும் கண்ணையும், தமிழர் தம் வேர்களைக்கொண்டே இரு சொற்களில் அமைத்துள்ளனர். காலதர் இன்று பலர்க்கு விளங்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், கால் என்பது காற்றெனப் பள்ளியில் ஒருமுறை கூறினாற் போதும்; அச்சொல் என்றும் மறவாது. 'சன்னல்' என்பதை நூறுமுறை ஒப்பித்தாலும் அதனுள் ஒரு பொருளும் புலப்படாது.

காற்று வேண்டிக் காலதரைத் திறக்கும் தமிழர், அப்பெயரைச் சொல்லவும் வாய் திறப்பாராக!