‘பிளக்கைக் கழற்றுங்கோ’ என்பது ஒரு பதிலா?

போன சனிக்கிழமை பார்க்டேலுக்குப் போயிருந்தேன். ஜேம்சன் அவெனியூ அப்பார்ட்மென்ட் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறா. நான் வருகிறேன் என்று தெரிந்தால் கட்டடத்துப் பெடியள் பழுதான லப்டொப்புகளோடு வந்து நிற்பார்கள். அன்று வந்தவன் பத்தாம் வகுப்புப் படிக்கிறவன்.

“அண்ணா, இது செத்துப்போச்சு. வைஃபையே காட்டுதில்லை. கடையில புதுசு வாங்கச் சொல்லிட்டாங்கள்.”

அது சாகவில்லை. போன வருடம் நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்த லப்டொப். மூடி வைத்துவிட்டுத் திறந்தால் சில நேரம் வைஃபை கார்ட் காணாமல் போகிறது, அவ்வளவுதான். ரீஸ்டார்ட் செய்தும் வரவில்லை. பின்பக்கத்தைக் கழற்றி, பற்றரி வயரைப் பிடுங்கி, ஒரு நிமிடம் பொறுத்துத் திரும்பக் கொழுவினேன். வந்துவிட்டது. தயாரித்த கம்பனியின் உதவிப் பக்கத்திலும் இதே வைத்தியம்தான் இருந்தது: மின்சாரத்தை முழுதாக நிறுத்துங்கள், சரிவராவிட்டால் சாதனத்தை மாற்றுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வைஃபை கார்ட் என்பது தனியே ஒரு குட்டிக் கணினி. அதற்கென்று ஒரு செயலி, நினைவகம், உள்ளே ஓடுகிற ஒரு நிரல் எல்லாம் இருக்கின்றன. அந்த நிரலைத்தான் ஃபேர்ம்வெயார் என்கிறோம். உங்கள் இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்குள் இருக்கும் ட்ரைவர், அந்தக் குட்டிக் கணினியோடு கதைக்கிற ஆள். குட்டிக் கணினி உறைந்துபோனால் ட்ரைவர் எத்தனை தரம் கூப்பிட்டாலும் பதில் வராது. ரீஸ்டார்ட் செய்யும்போதும் பல லப்டொப்புகளில் கார்டுக்குப் போகிற மின்சாரம் நிற்பதில்லை. ஆகவே உறைந்தது உறைந்தபடியே கிடக்கும்.

எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டுக்குள் குழாய் உடைந்துவிட்டது, உள்ளே இருப்பவர் கதவைத் திறக்கவில்லை என்று வையுங்கள். நாங்கள் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பதில்லை. சுப்பரைக் கூப்பிடுவோம். அந்த வீட்டுக்குப் போகிற தண்ணீரை மட்டும் நிறுத்துகிற வால்வ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கணினியில் அந்த சுப்பர், மதர்போர்டின் ஃபேர்ம்வெயார். எந்தச் சாதனத்துக்கு எந்த மின்கம்பி போகிறது என்பது அதற்குத் தெரியும். ஏசிபிஐ என்ற பொது விதிமுறை, ‘ஆர்எஸ்டி’ என்ற பெயரில் இதற்கென்றே ஓர் இடம் வைத்திருக்கிறது. தயாரிப்பாளர் அந்த இடத்தில் ரீசெட் செய்யும் முறையை எழுதி வைக்கலாம். கேர்னல் அதைக் கூப்பிட்டால் அந்த ஒரு சாதனம் மட்டும் ரீசெட் ஆகும். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிற கட்டுரை அப்படியே திரையில் இருக்கும்.

இது கற்பனை இல்லை. 2021 அக்டோபர் இறுதியில் வெளியான லினக்ஸ் 5.15, பிசிஐ சாதனங்களை இந்த வழியால் ரீசெட் செய்யும் வசதியைச் சேர்த்தது. அதற்கு முன்பும் கேர்னலுக்குப் பல வழிகள் இருந்தன. சாதனத்தையே கேட்பது ஒரு வழி. அதைத் தூங்க வைத்து எழுப்புவது இன்னொன்று. அது தொங்குகிற பஸ் முழுவதையும் ரீசெட் செய்வது மற்றொன்று. எல்லாம் எல்லாச் சாதனத்துக்கும் சரிவராது. சில என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளை பஸ் வழியாக ரீசெட் செய்தால், முழுக் கணினியையும் நிறுத்திப் போடும்வரை அவை வேலை செய்யாது. அதனால் ‘இவற்றுக்கு அந்த வழியைப் பாவிக்காதே’ என்று கேர்னலுக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டி வந்தது. 5.15 இல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. ஒவ்வொரு சாதனத்துக்கும் என்னென்ன ரீசெட் வழிகள் உண்டு என்று காட்டுகிற ஒரு சிறு கோப்பு வந்தது. எந்த வழியை முதலில் பாவிப்பது என்பதையும் அதில் மாற்றலாம்.

அந்தப் பெடியனின் கார்டுக்குரிய கோப்பைத் திறந்து பார்த்தேன். பஸ் வழி மட்டும்தான் இருந்தது. அது கார்டுக்குப் போகிற மின்சாரத்தைத் தொடாது. ஏசிபிஐ வழி இல்லை. ஏன் இல்லை? லப்டொப்பைத் தயாரித்தவர்கள் அதை எழுதவில்லை. விதிமுறையில் இடம் இருக்கிறது, கேர்னலில் கூப்பிட வழி இருக்கிறது, கம்பனி மட்டும் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறது. அந்தச் சில வரிகளுக்குப் பதிலாகத்தான் ஒரு பிள்ளையின் குடும்பத்தைப் புது லப்டொப் வாங்கச் சொல்கிறார்கள்.

“ரீசெட் ஒரு சோம்பேறித்தனம், பிழையை மூடி மறைக்கிற வேலை” என்று சொல்கிற பொறியியலாளர்களும் இருக்கிறார்கள். இவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. 1997 ஜூலையில் மார்ஸ் பாத்ஃபைன்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆகத் தொடங்கியது. முக்கியமான ஒரு வேலை நேரத்துக்கு முடியாவிட்டால் தானாகவே ரீசெட் செய்கிற காவல் ஏற்பாடு அதில் இருந்தது. செவ்வாயில் பற்றரி வயரைப் பிடுங்க ஆளில்லையே! அந்த ரீசெட்தான் விண்கலத்தைக் காப்பாற்றியது. அதே மாதிரியான கணினியைப் பூமியில் ஓடவிட்டு, என்ன நடந்தது என்று பதிவு எடுத்து, பொறியியலாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். முக்கியம் குறைந்த வேலை ஒன்று, முக்கியமான வேலையைக் காக்க வைத்திருந்தது. திருத்தத்தைப் பூமியிலிருந்தே அனுப்பினார்கள்.

ஆகவே ரீசெட்டும் வேண்டும், பதிவும் வேண்டும். பிழையை மறைப்பது பதிவு எழுதாத ரீசெட்தான். உண்மையில் பிளக்கைக் கழற்றுவதுதான் மிக மோசமான மறைப்பு. சாதனம் எப்போது உறைந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்ற தடயங்களில் முக்கால்வாசி மின்சாரத்தோடு போய்விடும்.

நல்ல ட்ரைவர் ஒன்று ரீசெட்டை மரியாதையாகச் செய்யும். புது வேலைகளை நிறுத்தும். காத்திருக்கிற வேலைகளுக்கு ‘முடியவில்லை’ என்று பதில் சொல்லும். என்ன நடந்தது என்று எழுதி வைக்கும். ரீசெட் முடியும்வரை சாதனத்தைத் தொடாது. பிறகு பழைய அமைப்புகளைத் திரும்ப எழுதி, ஃபேர்ம்வெயாரை ஏற்றி, வேலையைத் தொடங்கும். இதை எழுதுவது கஷ்டம், சோதிப்பது இன்னும் கஷ்டம். அதனால்தான் கம்பனிகள் கடைசிக்குத் தள்ளி, பிறகு மறந்துவிடுகின்றன.

“ஃபேர்ம்வெயார் பூட்டிய பெட்டி, அதை நம்பி ரீசெட்டை ஒப்படைக்கலாமா?” என்று கேட்பவர்களுக்கு: கேள்வி சரியானது. அந்தப் பூட்டுக்கு எதிராகத்தான் நானும் நிற்கிறேன். 2024 நவம்பரில் கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் இரண்டு திருத்தங்கள் வந்தன. பழுது பார்ப்பதற்காகவும், ஒரு சாதனத்தை இன்னொன்றோடு சேர்ந்து இயங்க வைப்பதற்காகவும் டிஜிட்டல் பூட்டுகளைத் திறக்க இப்போது இடமுண்டு. நல்லது. ஆனால் பூட்டை உடைக்க விடுவது வேறு, திறப்பைத் தரச் சொல்வது வேறு. ரீசெட் முறையை எழுதி வெளியிட வேண்டும் என்று அந்தத் திருத்தங்கள் எந்தக் கம்பனியையும் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்ததாக நாங்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

கேட்டால் தருவார்களா என்று சிரிக்காதீர்கள். 2017 இல் இதே பார்க்டேலில் வாடகைக்கு இருந்த சனம், வாடகை உயர்வுக்கும் திருத்தாமல் விட்ட வீடுகளுக்கும் எதிராக மாதக்கணக்கில் வாடகை கொடுக்காமல் நின்றது. திருத்திக் கொடு என்று கேட்பது பிச்சை இல்லை என்று எனக்குக் காட்டியது அந்தச் சனம்தான்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் லினக்ஸ் இருந்தால், ‘சிஸ்’ கோப்புறைக்குள் பிசிஐ சாதனங்களின் பட்டியலுக்குப் போய் அந்த ரீசெட் கோப்பைத் தேடிப் படியுங்கள். உங்கள் கார்டுக்கு என்ன வழி இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த முறை ஏதாவது உறைந்தால், பிளக்கில் கை வைக்க முதல் கேர்னல் பதிவைச் சேமியுங்கள். அந்தப் பெடியனுக்கும் இதைத்தான் காட்டிக் கொடுத்தேன். அவன் தன் பதிவை இணைத்துக் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். பதில் வந்தால் இங்கே சொல்கிறேன். வராவிட்டால் இன்னொன்று எழுதுவோம்.