வயதை அல்ல, வண்டியைப் பாருங்கள்

மும்பையின் கடைசி பிரீமியர் பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது. 2003-இல் பதிவான அந்த வண்டி, டாக்சிகளுக்கான 20 ஆண்டு வயது வரம்பை எட்டியிருந்தது. பகலிரவாக ஓடித் தேயும் வாடகை வண்டிக்கு இந்த வரம்பு நியாயமே. ஆனால், வாரம் ஒரு முறை வெளியே எடுக்கப்படும் சொந்தக் காருக்கும் வயது மட்டுமே அளவுகோலா?

வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இத்தாலியின் ஃபியட் 1100 காரைக் குர்லாவில் தயாரித்தது. 1974 முதல் அதன் பெயர் பத்மினி. தமிழர் செறிந்து வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகியவற்றுக்குக் குர்லா அண்டை வட்டாரம். அந்தக் காரை மீட்டெடுத்து இரண்டாவது வாகனமாக வைத்துக்கொள்ளும் ஆசை இங்கு எழுவது இயல்பே.

ஆசைப்படுவோர் முதலில் பார்க்க வேண்டியது என்ஜினை அல்ல, தகரத்தை. 1089 சி.சி. என்ஜின் எளிய அமைப்பு கொண்டது. அனுபவமுள்ள மெக்கானிக்கால் பிரித்துச் சேர்க்க முடியும். பத்மினிக்கோ தனிச் சட்டம் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. கடற்காற்றும் பருவமழையும் அடித்தகட்டையும் கதவுக்குக் கீழுள்ள விளிம்பையும் அரித்திருந்தால், புதுப்பூச்சு அதை மறைக்குமே தவிர மாற்றாது. அடுத்துப் பதிவுச் சான்று: சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் அதனுடன் ஒத்துப்போக வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்க, பழைய ரப்பர் குழாய்களை மாற்றியாக வேண்டும். பளபளப்பான துருப்பிடித்த காரைவிட, நிறம் மங்கிய உறுதியான காரே மேல்.

ஒரு மெக்கானிக் அறிந்த இந்த உண்மையைத்தான் தில்லியின் விதிகள் மறந்துவிடுகின்றன. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022-இல் 5,000 ஆனது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ஆனது. 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதியோ 50 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு மட்டுமே. 1990-இல் பதிவான பத்மினி அத்தகுதிக்கு 2040 வரை காத்திருக்க வேண்டும். தகுதி கிடைத்தாலும் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம்.

தலைநகரில் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார்களுக்கான தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025 டிசம்பரில் அதே நீதிமன்றம், பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேற்பட்ட தரமும் உள்ள வாகனங்களுக்கு, வயதை மட்டும் காரணமாக்கிய நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு அளித்தது. மும்பையிலும் பெட்ரோல், டீசல் வாகனங்களைப் படிப்படியாக விலக்குவது குறித்து ஆராய, உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2025-இல் மாநில அரசு குழு அமைத்தது. தில்லியின் வயதுக் கணக்கை மும்பை அப்படியே பின்பற்றக் கூடாது.

கார்புரேட்டர் காலத்துக் கார் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் புதிய காரைவிட அதிகம் புகை கக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே ஓடும் தூரத்துக்கு வரம்பு வைக்கலாம். ஜெர்மனி 30 ஆண்டுகளைக் கடந்த, அசல் நிலையில் பேணப்பட்ட கார்களுக்குத் தனிப் பதிவெண் தந்து சாலையில் அனுமதிக்கிறது. இங்கும் 20 ஆண்டுக்கும் 50 ஆண்டுக்கும் இடைப்பட்ட கார்களுக்கு ஆண்டுதோறும் கடும் தகுதிச் சோதனை, புகைச் சோதனை, கிலோமீட்டர் உச்சவரம்பு ஆகியவற்றுடன் ஒரு தனிப் பிரிவை மத்திய அரசு உருவாக்க வேண்டும்.

சோதனையில் தோற்கும் வண்டி உடைக்கப்படட்டும். தேறும் வண்டியைப் பிறந்த ஆண்டைக் காட்டித் தண்டிப்பது காற்றையும் காக்காது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளுக்கும் வேலை தராது.