வெற்றிலைத் தட்டும் வாய்ப்புற்றும்

தன்னைக் கொல்லும் பொருளைத் தட்டில் ஏந்தி விருந்தினரை உபசரிப்பதும், அப்பொருளால் விளைந்த நோயின் பெயரைச் சொல்லக் கூசி 'அந்த வருத்தம்' என்று முணுமுணுப்பதும் எம் சமூகத்தின் விந்தையான இயல்புகள். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றேயாகும். இதனை விதியென்று கூறி அமைவோர் பலர். விதியன்று, பெரும்பாலும் நாமே மென்று தேடிக்கொள்வது.

சான்றுகள் புதியன அல்ல. புகையிலை சேர்ந்த தாம்பூலம் மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்குத் தானும் அத்தகையனவே என்பது அதன் 2004ஆம் ஆண்டு வெளியீட்டின் முடிபு. பாக்கை இடையறாது மெல்வோரின் கன்னத்து உட்தசை நார்பற்றி இறுகுகின்றது. வாய் சிறிது சிறிதாகத் திறக்க முடியாததாகின்றது. உட்கன்னத்திலும் நாவிலும் வெண்படலமோ செம்படலமோ தோன்றுகின்றது. நோவில்லாமையால் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. நோவு தோன்றி வைத்தியரை நாடும்போது நோய் பலரில் முற்றிவிடுகின்றது.

'தாம்பூலம் எமது பண்பாடு, அதிற் கைவைக்கலாமா?' என்று கேட்போர் உளர். மங்கலத்துக்கு வெற்றிலை வைப்பதை எவரும் தடுக்கவில்லை. வைப்பது வேறு, நாள் முழுதும் பாக்கையும் புகையிலையையும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது வேறு. மலையகத் தோட்டங்களிற் குளிரிலும் களைப்பிலும் வெற்றிலையை நாடும் தொழிலாளியின் பழக்கத்தைப் பண்பாடென்று பாராட்டுவது, அவரது உழைப்பின் கொடுமையை மறைக்கும் தந்திரமேயன்றி வேறில்லை.

இன்னோர் உண்மையும் கசப்பானது. யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்திற் திருவிதாங்கூர் வரை சென்று விலைபோனது. எம் குடும்பங்கள் பலவற்றின் கல்வியும் வீடும் சீதனமும் அத்தோட்டங்களிலிருந்து வந்தன. ஆகவே எம்மிற் படித்தவர் காக்கும் மௌனம் முற்றும் அறியாமையன்று. அதிலே கடன்பட்டவனின் மௌனமும் உண்டு.

மற்றொரு சாரார் விஞ்ஞானத்தைக் காட்டி ஆறுதல் கூறுவர். விஞ்ஞானம் முன்னேறியுள்ளமை உண்மையே. ஒருவகை இரத்தப் புற்றுநோயை மாத்திரையாற் கட்டுப்படுத்தும் இமற்றினிப் 2001இற் பயன்பாட்டுக்கு வந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் வழியைக் காட்டியோருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் இத்தகைய புதிய மருந்துகளின் விலை, தோட்டத் தொழிலாளியின் கைக்கு எட்டுமா? வாய்ப்புற்றை முன்கூட்டிக் காண வேண்டியது ஒரு ரோச் விளக்கும் பயிற்சி பெற்ற ஒரு கண்ணுமே. ஆரம்பச் சுகாதார ஊழியர் இப்பணியைச் செய்ய இயலுமென்பதை இலங்கையில் நிகழ்ந்து 1984இல் வெளியான ஆய்வே காட்டியது. புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரின் வாயை இவ்வாறு சோதித்தாற் சாவுகள் குறையுமென்பதைக் கேரளத்து ஆய்வொன்று 2005இல் நிறுவியது. இருந்தும், எட்டாத மருந்தைப் பற்றி வியக்கும் நாம், எட்டும் விளக்கை எடுக்க மறுக்கின்றோம்.

நோயாளியை நாம் நடத்தும் முறை இதனினும் வெட்கத்துக்குரியது. அவருக்கு நோயின் பெயரை மறைத்து, உறவினருக்கு மட்டும் ஓதுகின்றோம். தாடையின் ஒரு பகுதியையும் தெளிந்த பேச்சையும் இழந்து மகரகமவிலிருந்து திரும்புபவரைப் பின்கட்டில் இருத்துகின்றோம். அவரது கோப்பையைத் தனியே வைக்கின்றோம். புற்றுநோய் கோப்பையால் தொற்றுவதில்லை என்பதைப் பட்டதாரி வீடுகளும் மறந்துவிடுகின்றன. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபயணத்தின் மூலம் திரண்ட மக்கள் பணம், தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்தது. கட்டடத்துக்குக் கொடுக்கத் தெரிந்த சமூகத்துக்கு, நோயுற்றவரின் அருகில் அமர்ந்து உண்ணத் தெரியவில்லையெனின் அக்கொடை நிறைவுறுமா?

புகையற்ற புகையிலைப் பொருள்களின் விற்பனையை 2016இல் ஒழுங்குவிதியொன்று தடைசெய்தது. சட்டம் கடையைப் பார்க்கும். வீட்டுத் தட்டைப் பார்ப்பது எம் கடமை. மாணவர் விடுமுறையில் ஊர் செல்லும்போது பாட்டனின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கட்டும். இரு வாரத்திலும் ஆறாத புண்ணோ, அழியாத படலமோ காணின் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லட்டும். மருத்துவ, பல் வைத்திய பீடங்களின் அறிவு, தோட்டத்து லயத்திலும் வாசிகசாலையிலும் விளங்கும் தமிழில் எழுதப்படட்டும். அதனை எழுதுவது தமிழ்ச்சங்கமொன்றின் கடமை அல்லவாயின், சங்கம் எதற்கு?

இறுதியாக ஒன்று. அடுத்த விழாவின் வாயிலிற் சந்தனமும் கற்கண்டும் இருக்கட்டும்; வெற்றிலையும் இருக்கட்டும். பாக்கும் புகையிலையும் வேண்டாம். இத்துணைச் சிறிய மாற்றத்தையும் செய்யத் துணியாதோர், புற்றுநோயை ஒழிப்பது பற்றி மேடையிற் பேசுவதை நிறுத்துவதே நேர்மை.