உரையாடு செயலியை எவ்வளவு நம்பலாம்?

உறக்கம் வராத இரவுகளில் கைப்பேசிச் செயலியிடம் மனம் திறப்போர் பெருகிவருகின்றனர். ஊரார் அறிவரோ என்ற அச்சம் அங்கில்லை. பெங்களூரில் உருவான ‘வைசா’ பென்குயின் உருவில் உரையாடும். இம்மயக்கம் புதிதன்று. 1966-இல் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்னும் எளிய நிரலை வெளியிட்டார்; அது பொறியென அறிந்திருந்தும், அவருடைய செயலாளர் அதனுடன் தனித்துப் பேச விரும்பி, அவரையே அறையைவிட்டு வெளியேறச் சொன்னாராம்! நம்பிக்கை எளிதில் பிறக்கிறது. அதற்குச் செயலி தகுதியுடையதா என்பதே என் ஐயம்.

2018-இல் பிபிசி சோதித்தபோது, சிறார் மீதான பாலியல் கொடுமை குறித்த செய்தியை வைசா உரியவாறு கையாளவில்லை. நம் பக்கத்தில் மனத்துயரை “நெஞ்சு அடைக்குது”, “ஒரு மாதிரியா வருது” என்றே சொல்வர். ஆங்கிலத்தில் பழகிய பொறி இதை என்னவென்று கொள்ளும்?

குற்றாலப் பேரருவியில் வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை விதிக்கின்றனர். அவ்வாறே, உயிரை மாய்க்கும் எண்ணம் எழுதப்பட்டதும், செயலி தன் பேச்சை நிறுத்தி மனிதரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அதைச் செய்யாத செயலி நம் வீட்டார் கைப்பேசியில் இருக்க நான் இசையேன்.

2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில், எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் மனிதரிடமே பேசலாம். உறவினர்கள் கைப்பேசியைப் பறிக்க வேண்டா. அருகமர்ந்து, “அது என்ன சொல்லிற்று?” என்று கேளுங்கள்.