லாரி டிரைவர் இறந்தால் இழப்பீடு: சட்ட மாணவர்கள் எங்கே உதவ முடியும்?

லாரி டிரைவர் ஒருவர் வெளிமாநிலத்தில் லோடு ஏற்றிப் போன இடத்தில் இறந்துபோகிறார். உடல் ஊர் வந்து சேர்கிறது. முதலாளி வந்து அடக்கச் செலவுக்குப் பணம் கொடுக்கிறார். ‘அவராச்சும் வந்து பார்த்தாரே’ என்று குடும்பமும் இருந்துவிடுகிறது. ஆனால், அது முதலாளி மனமிரங்கிக் கொடுத்த உதவி. சட்டப்படியான இழப்பீடு வேறு.

அது எவ்வளவு? 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கு எளிமையானது. மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. சம்பளம் 15,000 ரூபாய் என்றால் தொகை ஏறத்தாழ 13.8 லட்சம். இந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தது.

விபத்தில்தான் இறந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிப் போன டிரைவர் வழியில் உடல்நிலை மோசமாகி இறந்த வழக்கில், இடைவிடாத ஓட்டமே அந்த மரணத்தோடு தொடர்புடையது என்று ஏற்று உச்ச நீதிமன்றம் 2012இல் இழப்பீடு வழங்கச் சொன்னது. ‘ஹார்ட் அட்டாக் தானே, அதுக்கு நாங்க என்னங்க பண்றது’ என்று கைவிரிப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘அவரு நம்ம வண்டி டிரைவரே இல்லைங்க, அன்னைக்கு மட்டும் மாத்தி ஓட்டப் போனாரு’ என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், குடும்பம்தான் நிரூபிக்க வேண்டும். நியமனக் கடிதம் கிடையாது. சம்பளமும் படியும் கையில் வாங்கியவை. மிஞ்சுவது டிரிப் ஷீட், லோடு ரசீது, செக்போஸ்ட் சீட்டு, போனில் வந்த பணத்தின் பதிவு, முதல் தகவல் அறிக்கை போன்றவை. இவற்றில் பாதி, அந்த லாரியின் கேபினிலேயே கிடக்கும். பழைய போனை விற்றுவிட்டால் மீதியும் போய்விடும்.

சட்ட மாணவர்களுக்கு வேலை இங்கேதான். அவர்கள் வழக்கறிஞராக வாதாட முடியாது. ஆனால், தாள்களைத் தேடிச் சேர்க்கலாம், மனு எழுதலாம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் குடும்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அங்கே தகுதி உள்ளவர்களுக்கு வழக்கறிஞர் இலவசம். உதவி எண் 15100. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் சட்ட உதவி மையம் இருக்கவும் வேண்டும். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் அரசு சட்டக் கல்லூரியே இருக்கிறது.

நடைமுறையில் பல மையங்கள் வருடத்துக்கு ஓரிரு முகாம்களோடு நின்றுவிடுகின்றன. பேனர், துண்டறிக்கை, குரூப் போட்டோ. பகலில் நடக்கும் முகாமுக்கு, ஒரிசா லோடில் இருக்கும் டிரைவர் எப்படி வருவார்? லாரி ஷெட்டுக்கும் புக்கிங் ஆபீசுக்கும் மாணவர்கள்தான் போக வேண்டும். உயிரோடு இருக்கும்போதே டிரிப் ஷீட்டைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பிவைக்கச் சொல்ல வேண்டும். நல வாரியப் பதிவு காலாவதியாகியிருந்தால் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, தேர்வு முடிந்ததும் மாணவர் போய்விடுவார், மனு போகாது. இழப்பீடு கேட்க இரண்டு ஆண்டுதான் கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம் என்றாலும், அதை நம்பி உட்கார முடியாது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஆசிரியர் பொறுப்பேற்று, அடுத்த ஆண்டு மாணவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் பழக்கம் வர வேண்டும். மதிப்பெண்ணையும் முகாம் எண்ணிக்கைக்குத் தராமல், முடிந்த கோப்புக்குத் தரலாம்.