கீச்சுன்னா பெல்ட், முனகினா பம்ப்பு!

என் காருக்கு வயசு 20. போன மாசம் ஸ்டியரிங் திடீரென்று ஆட்டுக்கல்லாய்க் கனத்தது. திருப்பினால் 'கீ...ச்!'

"கார் ஓட்டறீங்களா, மாவாட்டறீங்களா?" என்றாள் மனைவி.

மெக்கானிக் பானெட்டையே திறக்காமல், "பவர் ஸ்டியரிங் பம்ப்பு போச்சு சார். 18,000 ஆகும்" என்றார். பையனின் ஸ்கூல் ஃபீஸே அவ்வளவுதான்! என் பி.காம். மூளை விழித்தது. வவுச்சர் பார்க்காமல் பில் பாஸ் பண்ணலாமோ?

இன்னொரு பட்டறைப் பெரியவரிடம் போனேன். டயரில் காற்று பார்த்தார். ஆயில் டப்பாவைத் திறந்தார். அளவு குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறதாம். நுரைத்தால் காற்று புகுந்திருக்கிறதாம். இரண்டும் இல்லை. என்ஜினை அணைத்துவிட்டு பெல்ட்டை விரலால் அமுக்கினார். கொடிக்கயிறு மாதிரி தொய்ந்தது.

"பம்ப்பு கெட்டா முனகும் தம்பி. கீச்சுன்னா பெல்ட் வழுக்குது. பெல்ட் சுத்தினாத்தானே பம்ப்பு வேலை செய்யும்? ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிச்சு அப்படியே பிடிச்சு வைக்காதீங்க, பம்ப்பு சூடாகும்."

புது பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 800 ரூபாய்.

"17,200 மிச்சம்!" என்று வீட்டில் மார்தட்டினேன்.

"கொண்டாங்க, ஃபீஸ் கட்டணும்" என்று கை நீட்டினாள்.

இல்லாத பணத்தில் மிச்சம் பிடித்ததை எந்த லெட்ஜரில் எழுதுவது, சொல்லுங்கள்?