காஃப் மலை எங்கே?

“நன்னி, காஃப் மலையைக் காணோமே!”

உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேரன் கேட்டான். முதல் நாள் இரவு நான் சொன்ன கதையின் விளைவு அது.

அன்புச் சகோதரிகளே! அக்கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பூமியைச் சுற்றி மதில்போல் வளைந்து நிற்கும் மரகத மலைத்தொடர். வானத்தின் நீலமே அதன் சாயல். அதற்கப்பால் ஜின்களும் பரிகளும் வாழும் தேசம். அரபு, பாரசீகக் கதைகளில் பல நூற்றாண்டுகளாக உயர்ந்து நிற்கும் மலை அது. பாரசீகக் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தார் தமது ‘மன்திகுத் தைர்’ காவியத்தில் பறவைக் கூட்டத்தை அம்மலைக்கே அனுப்புகிறார். ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து, ‘ஸீமுர்க்’ என்னும் தம் அரசனைத் தேடிச் சென்று சேர்ந்தவை முப்பது பறவைகளே. அங்கே அவை கண்டது தம்மையே! பாரசீகத்தில் ‘ஸீ முர்க்’ என்றால் முப்பது பறவைகள்.

“கதையில் மட்டும் உள்ள மலையப்பா” என்றேன். அவன் விடவில்லை. “குர்ஆனிலேயே காஃப் என்று ஒரு ஸூரா இருக்கிறதே?”

திகைத்துப் போனேன். திருக்குர்ஆனின் 50ஆவது அத்தியாயம் அது. 29 அத்தியாயங்களின் தொடக்கத்தில் வரும் தனியெழுத்துகளுள் ‘காஃப்’ ஒன்று. அதன் உட்பொருளை அல்லாஹ்வே நன்கறிவான். அதனைப் பூமியைச் சூழ்ந்த மலை என்று சிலர் கூறியதுண்டு. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்களோ, அது பனூ இஸ்ராயீல்களின் கட்டுக்கதைகளிலிருந்து வந்ததாகவே தோன்றுகிறது எனத் தமது தஃப்ஸீரில் எழுதினார்கள்.

அவர்களுக்கும் முன்பே, 11ஆம் நூற்றாண்டில், அறிஞர் அல்பீரூனி இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாவில் உண்மையான மலை ஒன்றின் உயரத்தை அளந்தார். அதன் உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று கோணம் பார்த்தார். அவ்விரண்டையும் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். கதை சூழ்ந்து வைத்த பூமியை அறிவு அளந்து காட்டியது!

ஆகவே கதையே கூடாதென்று நான் சொல்லவில்லை. அத்தாரின் பறவைகள் நம் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லும். ஆனால் கதையைக் கதையென்று சொல்லிக் கொடுங்கள். மார்க்கத்தின் பெயரால் நாம் சொன்ன ஒன்று பொய்யென்று நாளை வரைபடம் காட்டுமாயின், நாம் சொன்ன மெய்யையும் பிள்ளை ஐயுறுவான். அந்த இழப்பை எந்தக் கதையும் ஈடு செய்யாது.

அன்றிரவும் பேரன் காஃப் மலைக் கதையையே கேட்டான். “இது கதை” என்று தொடங்கினேன். அவன் ஆர்வம் சிறிதும் குறையவில்லை.